நெய்க்கு நேர்மாறான கூழ்

தியாகராய நகரை அடுத்த நுங்கம்பாக்கத்தில் 1978-இல் எஸ்.எஸ்.பத்ரிநாத் தொடங்கியது சங்கர நேத்ராலயா.

கண்ணில் சுண்ணாம்போ அமிலமோ பட்டால் கருவிழி ஓரத்துக் குருத்தணுக்கள் (ஸ்டெம் செல்கள்) வெந்துபோகும். பிறகு புண் ஆறாது, பார்வை மங்கும். 1997-இல் இத்தாலியில், நல்ல கண்ணிலிருந்து எடுத்த அணுக்களை வளர்த்து ஒட்டினார்கள். அடுத்து, வளர்க்கும் மெத்தையாகப் பனிக்குடச் சவ்வு வந்தது. அதுவோ இன்னொருவர் உடலின் பகுதி. தொற்று பயம் விடாது.

அதற்கு மாற்றாகச் சென்னை சங்கர நேத்ராலயா ஆய்வாளர்கள் எடுத்தது மெபியால் ஜெல் என்ற செயற்கை நீர்க்கூழ். நெய்க்கு நேர்மாறு: குளிரில் இளகும், உடல் சூட்டில் உறையும். குளிர்வித்தால் போதும், வளர்ந்த அணுக்களைப் பிரித்துவிடலாம். அவற்றை முயல்களின் கண்ணில் வைத்த ஆய்வு 2009-இல் வெளியானது.

ஆம், முயல்கள்தான். ‘ஸ்டெம் செல்’ சிகிச்சை என்ற பலகையைப் பார்த்து மருத்துவமனைக்குள் நுழையுமுன், மனிதர்களிடம் சோதித்தார்களா என்று கேளுங்கள்.