பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தவர்கள்



1946இல் அம்பேத்கர் டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். 1972இல் பம்பாய் இளைஞர்கள் கருஞ்சிறுத்தைகளின் பெயரை ஏற்றுத் தலித் பேந்தர்ஸ் இயக்கத்தைத் தொடங்கினர். அமெரிக்கக் கறுப்பர் வரலாற்றை நாம் நமக்குரியதாகவே வாசித்து வருகிறோம். அந்த வாசிப்பில் கவிதையும் போராட்டமும் வந்த அளவுக்கு உடல் வரவில்லை. ஆகவே கறுப்பின ஆண்களின் பல்வலியை இன்று பேசுவோம்.

அங்கே சிகிச்சை பெறாத சொத்தைப் பற்களும் ஈறு நோயும் வெள்ளையரைவிடக் கறுப்பரிடம் அதிகம். பெண்களைவிட ஆண்கள் பல் மருத்துவரிடம் குறைவாகவே போகிறார்கள். வாய்ப் புற்றுநோய் வந்த கறுப்பின ஆண்களில் பிழைப்பவர்கள் வெள்ளை ஆண்களைவிடக் குறைவு. நோய் முற்றிய பிறகே கண்டறியப்படுவது இதற்கு ஒரு முக்கியக் காரணம். 'அவர்களுக்கு அக்கறை இல்லை' என்று சொல்லிவிடுவது சுலபம். வரலாறு வேறொன்றைச் சொல்கிறது.

மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்ப்பதை நாம் அறிவோம். அடிமைச் சந்தையில் மனிதரின் வாயைத் திறக்கவைத்து அப்படித்தான் பார்த்தார்கள். தப்பியோடியவர்களைத் தேடும் விளம்பரங்களில் இழந்த பல் அங்க அடையாளமாக அச்சானது. ஜார்ஜ் வாஷிங்டனின் 1784ஆம் ஆண்டுக் கணக்கேட்டில், 'நீக்ரோக்களுக்கு' 9 பற்களுக்காக 6 பவுண்டு 2 ஷில்லிங் கொடுத்த பதிவு இருக்கிறது. தன் உடலே தனக்குச் சொந்தமில்லாதவர் பல்லை 'விற்றார்' என்றால், அதில் அவர் விருப்பத்துக்கு என்ன இடம்?

அடிமை முறை ஒழிந்தபின் கறுப்பர்கள் தாமே பல் மருத்துவர்களானார்கள். ராபர்ட் டானர் ஃப்ரீமன் 1869இல் ஹார்வர்டில் பட்டம் பெற்றார். ஹோவார்ட் பல்கலைக்கழகம் 1881இலும் மெஹாரி கல்லூரி 1886இலும் பல் மருத்துவக் கல்வியைத் தொடங்கின. ஆனால் தென்மாநிலங்களின் பல் மருத்துவச் சங்கங்கள் கறுப்பரைச் சேர்க்கவில்லை. அந்தப் பாகுபாட்டைத் தடுக்கத் தவறியதற்கு அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2010இல்தான் மன்னிப்புக் கேட்டது.

இந்த வரலாற்றின் நடுவில் ஒரு கடைவாய்ப்பல் இருக்கிறது. வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோவில் ஜார்ஜ் சிம்கின்ஸ் என்ற கறுப்பினப் பல் மருத்துவரிடம் சீழ் பிடித்த பல்லோடு ஒரு கறுப்பின மாணவர் வந்தார். மருத்துவமனையில் சேர்த்தே ஆக வேண்டிய நிலை. கறுப்பருக்கான மருத்துவமனையில் இடமில்லை. அரசுப் பணம் பெற்ற இரண்டு வெள்ளையர் மருத்துவமனைகளும் அவரைச் சேர்க்கவில்லை. 1946ஆம் ஆண்டின் ஹில்-பர்ட்டன் சட்டமே 'தனித்தனி, ஆனால் சமம்' என்று அந்தப் பாகுபாட்டை அனுமதித்திருந்தது. சிம்கின்ஸ் மற்ற மருத்துவர்களையும் நோயாளிகளையும் சேர்த்துக்கொண்டு 1962இல் வழக்குத் தொடுத்தார். கீழ் நீதிமன்றத்தில் தோற்றார்கள். 1963 நவம்பரில் மேல்முறையீட்டில் வென்றார்கள். சட்டத்தின் அந்தப் பிரிவு செல்லாது என்றானது. தென்மாநில மருத்துவமனைகளின் கதவைத் திறந்த போராட்டத்தில் ஒரு பல்வலிக்கும் பங்குண்டு.

கதவு திறந்தது, காசு யார் தருவது? 1965இல் வந்த முதியோர் மருத்துவக் காப்பீடான மெடிகேர், வழக்கமான பல் சிகிச்சையை வெளியே நிறுத்தியது. ஏழைகளுக்கான மெடிகெய்டில் வயது வந்தோரின் பல் சிகிச்சை அந்தந்த மாநிலத்தின் விருப்பத்துக்கு விடப்பட்டது. வேலைக்குப் போகும் ஏழை ஆண் வலி பொறுக்க முடியாதபோது மட்டும் போனான். பல்லைப் பிடுங்கிக்கொண்டு திரும்பினான். 2007இல் மேரிலாந்தில் 12 வயதுக் கறுப்பினச் சிறுவன் ஒருவன் இறந்தான். பல்லில் தொடங்கிய தொற்று மூளைக்குப் போயிருந்தது. 2009இல் குழந்தைகள் காப்பீட்டில் பல் சிகிச்சை கட்டாயமானது. அந்தக் குழந்தைகளின் தந்தையருக்கு அப்படியொரு கட்டாயம் இன்றும் இல்லை.

மாற்றத்துக்கு வழி இருக்கிறது. லாஸ் ஏஞ்சலஸில் கறுப்பின முடிதிருத்தும் கடைகளுக்கே மருந்தாளுநர்கள் போய் இரத்த அழுத்தத்துக்குச் சிகிச்சை தந்தனர். அது நன்றாகக் குறைந்ததை 2018இல் வெளியான ஆய்வு காட்டியது. வாய்ப் பரிசோதனையும் அந்த வழியில் போகலாம். தலித்துக்கு முடிவெட்ட மறுத்த கடைகளை அறிந்த நமக்கு, சொந்தச் சமூகத்தின் கடை எத்தகைய பலம் என்று புரியும். அதோடு கறுப்பினப் பல் மருத்துவர்கள் பெருக வேண்டும். இன்று அங்கே நூறு பல் மருத்துவர்களில் கறுப்பினத்தவர் நான்கு பேர்கூட இல்லை. காப்பீடு வாயையும் உடம்பின் உறுப்பாக ஏற்க வேண்டும்.

பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள் என்பது ஒடுக்கப்பட்டவனுக்கு எங்கும் சொல்லப்படும் அறிவுரை. சிம்கின்ஸ் அதை ஏற்கவில்லை. சிகிச்சைக்கு வராதவனைக் குறை சொல்வதற்கு முன், அவன் வருவதற்குக் கதவு திறந்திருந்ததா என்று கேட்போம். நம் சுகாதார ஆய்வுகளும் அந்தக் கேள்வியிலிருந்து தொடங்கட்டும்.