கிரண்காவ்: ஆலைகள் வளர்த்த ஊர்

பம்பாய் நகரின் வரலாற்றைப் பேசுங்கால் துறைமுகத்தையும் கோட்டையையும் நாம் தவறாது குறிப்பிடுகிறோம். பரேல், லால்பாக், வர்லி முதலிய பகுதிகள் சேர்ந்த கிரண்காவைப் பற்றியோ மிகச் சிறிதே அறிவோம். மராத்தி மொழியில் 'கிரணி' என்பது ஆலை. 'காவ்' என்பது ஊர்.

1854-ஆம் ஆண்டில் காவஸ்ஜி நானாபாய் தாவர் என்னும் பார்சி வணிகர் தார்தேவில் நூற்பாலை ஒன்றுக்கு அடிகோலினார். இரண்டாண்டுகளில் அது இயங்கலாயிற்று. பின்னர் ஆலைகள் பெருகப் பெருக, இரத்தினகிரி, சாத்தாரா முதலிய மாவட்டங்களிலிருந்து ஆடவர் பிழைப்புத் தேடி வந்தனர். தொடக்கத்தில் அவர்களுக்கு வார விடுமுறையும் இல்லை. நாராயண் மேகாஜி லோகண்டே தலைமையில் தொழிலாளர் முறையிட்டதன் பயனாகவே 1890-இல் ஞாயிறு ஓய்வுநாளாயிற்று.

மனைவி மக்களைக் கிராமத்தில் விட்டு வந்தோர் பலர். 'சாள்' எனப்படும் வரிசைக் குடியிருப்புகளில், ஒரே கிராமத்தார் ஓர் அறையைப் பலராகப் பகிர்ந்து கொண்டனர். பகல் ஷிப்டுக்குச் செல்வோர் எழுந்த இடத்தில், இரவு ஷிப்டு முடித்தோர் படுத்தனர். தாழ்வாரமும் தண்ணீர்க் குழாயும் அனைவர்க்கும் பொது. இவர்களுக்கு மாதக் கணக்கில் உணவளித்த பெண்களின் வீடுகள் 'காணாவள்' எனப் பெயர் பெற்றன. அப்பெண்கள் கடன்சுமையினின்று மீளும்பொருட்டு, பிரேமா புரவ் அம்மையார் 1975-இல் அன்னபூர்ணா மகிளா மண்டலத்தை நிறுவினார்.

பஜனைக் குழுக்களும் நாட்டுக்கூத்தும் இங்கே தழைத்தன. லால்பாகில் 1934 முதல் நடந்துவரும் பிள்ளையார் விழா, சந்தைக்கு நிலையான இடம் வேண்டி மீனவரும் வணிகரும் செய்துகொண்ட வேண்டுதலில் பிறந்ததாகும். ஆலைத் தொழிலாளி ஒருவரால் எடுத்து வளர்க்கப்பெற்ற நாராயண் சுர்வே, அம்மக்களின் பேச்சையே கவிதையாக்கிப் புகழ்பெற்றார்.

1982 ஜனவரி 18 அன்று, தத்தா சாமந்த் தலைமையில் ஏறத்தாழ இரண்டரை இலட்சம் தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கினர். அது வெற்றி பெறவில்லை. ஆலைகள் பல மூடப்பட்டன. எண்ணற்ற குடும்பங்கள் வாழ்வாதாரம் இழந்தன. ஆலை நிலங்கள் பலவற்றில் இன்று வணிக மாளிகைகளும் அடுக்குமாடி வீடுகளும் எழுந்துள்ளன.

எஞ்சிய புகைபோக்கிகளைக் காத்தல் நன்றே. ஆயினும் அவற்றின் அடியில் பசியையும் விழாவையும் பகிர்ந்து வாழ்ந்தோரின் வரலாறு பெரும்பாலும் முதியோர் நினைவிலேயே தங்கியுள்ளது. அவர்கள் இருக்கும்போதே அதனைக் கேட்டு எழுதி வைத்தல் நம் கடமையாகும்.