போலி மென்பொருள் இற்றைப்படுத்தல்

போலி மென்பொருள் இற்றைப்படுத்தல் என்பது, கணினியில் ஏற்கனவே உள்ள மென்பொருளின் புதிய பதிப்பு எனக் காட்டி, தீநிரல் ஒன்றைப் பயனரே நிறுவும்படி செய்யும் ஏமாற்று முறை ஆகும். இது பெரும்பாலும் மென்பொருளின் வழுக்களை அன்றிப் பயனரின் நம்பிக்கையையே பயன்படுத்துகின்றது. இற்றைப்படுத்தல் பாதுகாப்புக்கு இன்றியமையாதது. எனவே போலிக்கு அஞ்சி உண்மையான இற்றைப்படுத்தலைத் தவிர்ப்பதும் தீங்கானதே.

செயற்படும் முறை

தாக்குபவர்கள் பிறருடைய இணையத்தளங்களில் ஊடுருவி, அவற்றின் பக்கங்களில் ஜாவாஸ்கிரிப்ட் நிரலைச் சேர்க்கின்றனர். அப்பக்கத்தைத் திறப்பவருக்கு, உலாவி காலாவதியாகிவிட்டது என்னும் அறிவிப்பு உலாவியின் சின்னத்துடன் தோன்றும். அதன்வழி பதிவிறக்கிய கோப்பை இயக்கினால், கடவுச்சொற்களைத் திருடும் நிரலோ, கோப்புகளை மறையாக்கம் செய்து பணம் கோரும் நிரலோ கணினியில் நிறுவப்படும்.

குறிப்பிடத்தக்க நிகழ்வுகள்

2011 இல் மாக் கணினிகளில் பரவத் தொடங்கிய ஃபிளாஷ்பேக், முதலில் அடோபி ஃபிளாஷ் பிளேயரின் நிறுவியாக வேடமிட்டது. பின்னர் ஜாவாவின் வழு ஒன்றைப் பயன்படுத்திப் பரவி, 2012 ஏப்ரலில் 6,00,000 இற்கும் மேற்பட்ட கணினிகளைப் பாதித்திருந்தது. 2017 அக்டோபரில் உருசியாவிலும் உக்ரைனிலும் பரவிய பேட் ராபிட் என்னும் பணயத் தீநிரலும் ஃபிளாஷ் இற்றைப்படுத்தலாகவே வந்தது. ஃபிளாஷ் பிளேயருக்கான ஆதரவை அடோபி 2020 டிசம்பர் 31 அன்று முடித்துக்கொண்டது. ஆகவே அதனை இற்றைப்படுத்தக் கோரி இணையப் பக்கங்களில் தோன்றும் அறிவிப்புகளை நம்பலாகாது.

அரிதாக, உண்மையான இற்றைப்படுத்தல் வழியே கைப்பற்றப்படுவதும் உண்டு. 2017 சூனில் நாட்பெட்யா தீநிரல், எம்.ஈ.டாக் என்னும் உக்ரைனியக் கணக்கியல் மென்பொருளின் இற்றைப்படுத்தல் வழியாகப் பரவியது.

உலாவி முடக்கம்

உலாவி உறைந்துபோவதற்கு நினைவகப் பற்றாக்குறை, பழுதான நீட்சிகள் முதலியன காரணமாகலாம். சில ஏமாற்றுப் பக்கங்கள் உரையாடல் பெட்டிகளை இடைவிடாது திறந்து உலாவியை வேண்டுமென்றே உறையச் செய்கின்றன. பதற்றமடையும் பயனர், காட்டப்படும் "தீர்வை" ஏற்றுக்கொள்வார் என்பதே இதன் நோக்கம். விண்டோஸில் கன்ட்ரோல், சிப்ட், எஸ்கேப் விசைகளை ஒருங்கே அழுத்திப் பணி மேலாளரைத் திறந்து உலாவியை முடிக்கலாம். மீண்டும் திறக்கும்போது முந்தைய அமர்வை மீட்டால் அதே பக்கம் திரும்ப வரக்கூடும் என்பதால் அதனைத் தவிர்க்க வேண்டும். முடக்கம் தொடர்ந்தால் நீட்சிகளை ஒவ்வொன்றாக முடக்கிக் காரணத்தைக் கண்டறியலாம்.

தற்காப்பு

* இணையப் பக்கத்தில் தோன்றும் அறிவிப்பைச் சொடுக்காமல், அப்பக்கத்தை மூடுதல்.
* உலாவியின் உதவிப் பட்டியில் உள்ள "பற்றி" என்னும் பகுதியில் பதிப்பைச் சரிபார்த்தல். குரோம், பயர்பாக்ஸ் ஆகியவை புதிய பதிப்பு உண்டா என அங்கேயே தேடும்.
* மென்பொருட்களை அவற்றை உருவாக்கியவரின் தளத்திலிருந்து மட்டும் பெறுதல்.
* முக்கியக் கோப்புகளின் படிகளைக் கணினியுடன் இணைக்கப்படாத வட்டில் வைத்திருத்தல்.

போலிக் கோப்பு இயக்கப்பட்டுவிட்டால், முதலில் இணைய இணைப்பைத் துண்டித்து, நச்சுநிரல் எதிர்ப்பியால் கணினியைச் சோதிக்க வேண்டும். கடவுச்சொற்களைப் பாதிக்கப்படாத வேறொரு கணினியிலிருந்து மாற்ற வேண்டும். அதே கணினியில் மாற்றினால் புதிய கடவுச்சொல்லும் திருடப்படலாம்.