காடு வாங்கலாமா? மாத்தளை மண்ணின் 180 வருடக் கதை



போன கிழமை எங்கள் ஊர்க் குழுவில் ஒருவர் ஒரு வீடியோ போட்டிருந்தார். பிரித்தானியாவின் வேல்ஸ் பகுதியில் ஒரு சாதாரணக் குடும்பம் நாலைந்து ஏக்கர் காட்டை விலைக்கு வாங்கி, விடுமுறை நாட்களில் போய் விறகு பொறுக்கி, தேநீர் காய்ச்சிக் குடித்துவிட்டு வருகிறார்கள். அதன் கீழே எத்தனையோ பேர் கேட்ட கேள்வி ஒன்றுதான்: “நாங்களும் பத்துப் பேர் சேர்ந்து இப்படி ஒரு துண்டு வாங்க ஏலாதா?”

பழைய பல்லேகம நகரம் களு கங்கை நீர்த்தேக்கத்துக்குள் போனதைப் பார்த்தவர்கள் நாங்கள். கடையோடும் வீட்டோடும் சேர்ந்து நிழல் மரங்களையும் இழந்தோம். புதிய நகரத்தில் வீதி அகலம், கட்டடம் புதிது, ஆனால் மரம் இன்னும் சின்னது. அதனால் இந்தக் கேள்வியை விளையாட்டாக எடுக்க முடியவில்லை. பதில் சொல்ல வேண்டுமென்றால் முதலில் இந்த மாவட்டத்தில் காடு எப்படி விலைப்பொருள் ஆனது என்று பார்க்க வேண்டும்.

கண்டி இராச்சிய காலத்தில் ஊரைச் சுற்றியிருந்த காட்டுக்கு யாரிடமும் உறுதி இருக்கவில்லை. ஆனால் உரிமை இருந்தது. மாடு மேய்ப்பது, விறகும் தேனும் எடுப்பது, சில வருடங்களுக்கு ஒருமுறை ஒரு பகுதியை வெட்டிச் சேனை செய்வது, பிறகு அதை மீண்டும் காடாக விடுவது, இவையெல்லாம் ஊர் வழக்கம். எந்தக் குடும்பம் எங்கே சேனை செய்யும் என்பது ஊருக்குத் தெரியும். கடதாசி தேவைப்படவில்லை.

அந்தக் கடதாசியை 1840இல் ஆங்கிலேயர் கேட்டார்கள். அந்த வருடத்து 12ஆம் இலக்க முடிக்குரிய காணி ஆக்கிரமிப்புக் கட்டளைச் சட்டம் சொன்னது இதுதான்: காடு, தரிசு, குடியிருப்பில்லாத, பயிரிடப்படாத நிலமெல்லாம் அரசுக்குரியவை என்றே கருதப்படும், இல்லை என்று சொல்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். இடைவெளி விட்டுப் பயிரிடும் சேனை நிலமும், கண்டிப் பகுதியில், சன்னஸ் போன்ற பத்திரம் இல்லையென்றால் அரசுக்கே. வழக்கத்தில் வாழ்ந்தவன் எழுத்தில் தோற்றான்.

அது கோப்பிக் காலம். அரசு காட்டை ஏக்கர் 5 ஷில்லிங்குக்கு விற்றது. 1844இல்தான் விலை 20 ஷில்லிங் ஆனது. ஆளுநர் ஸ்டுவர்ட் மெக்கன்சியிலிருந்து இராணுவ அதிகாரிகள், நீதிபதிகள், பாதிரிமார் வரை காணி வாங்கினார்கள். சட்டம் போட்டவர்களும் வாங்கியவர்களும் ஒரே ஆட்கள். காட்டை வெட்டிச் சாய்க்கும் வேலையைப் பெரும்பாலும் கிராமத்துச் சிங்கள மக்கள் கூலிக்குச் செய்தார்கள். கோப்பித் தோட்டத்தில் வேலை செய்யத் தமிழகத்திலிருந்து வந்தவர்கள் மன்னாரில் இறங்கி, தம்புள்ளை, மாத்தளை வழியாக மலைநாட்டுக்கு நடந்தே வந்தார்கள். வழியில் இறந்தவர்கள் பலர்.

1848இல் இந்த மாவட்டம் கிளர்ந்தெழுந்தது. தம்புள்ளையில் கொங்கலேகொட பண்டா மன்னராக முடிசூட்டப்பட்டார். புரன் அப்பு பிடிபட்டு ஆகஸ்ட் 8ஆம் திகதி சுட்டுக்கொல்லப்பட்டார். உடனடிக் காரணம் புதிய வரிகள். ஆனால் அதற்கு முந்திய எட்டு வருடங்களில் கைவிட்டுப் போன காட்டை மறந்துவிட்டு அந்தக் கோபத்தைப் பிள்ளைகளுக்கு விளங்கப்படுத்த முடியாது.

இந்தக் கதையில் வந்த தடைகளையும் சொல்ல வேண்டும். மலை உச்சிக் காடு போனால் மழையும் ஆறும் போகும் என்ற தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கரின் ஆலோசனைப்படி, 1873இல் 5,000 அடிக்கு மேல் காடழிப்பது நிறுத்தப்பட்டது. அதற்குள் 1869இல் வந்த இலைத்துரு நோய் கோப்பியைத் தின்னத் தொடங்கிவிட்டது. பிறகு 1897இல் தரிசு நிலக் கட்டளைச் சட்டம் வந்தது. அறிவித்தல் போடுவார்கள், 3 மாதத்துக்குள் உரிமை கோராவிட்டால் காணி அரசுக்கு. எழுத வாசிக்கத் தெரியாத சேனைக்காரனுக்கு 3 மாதம் என்ன காணும்?

இதன் விளைவுதான் இன்றைய நிலை. இலங்கையின் நிலத்தில் 80 சதவீதத்துக்கும் மேல் அரசுடையது. எங்களில் பலரிடம் இருப்பது அறுதி உறுதி அல்ல, 1935 காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழான அனுமதிப்பத்திரமோ அளிப்போதான். பக்கத்திலுள்ள நக்கிள்ஸ் காடு 2000ஆம் ஆண்டிலிருந்து பேணற்காடு. 2010இலிருந்து மத்திய மலைநாட்டு உலக மரபுரிமையின் ஒரு பகுதி. அதில் ஒரு பேர்ச் கூட யாராலும் விற்க முடியாது.

அப்படியானால் தனியார் காடு என்ற ஒன்று இங்கே சாத்தியமே இல்லையா? இருக்கிறது. எங்கள் மாவட்டத்திலேயே இருக்கிறது.

1963இல் சாம் பொப்ஹாம் என்ற ஆங்கிலேயர், தேயிலைத் தோட்டத்துரையாக இருந்தவர், தம்புள்ளையில் கண்டலம வீதியோரம் ஒரு காணியைத் தனதாக்கினார். அது காடு அல்ல. சேனை செய்து கைவிட்ட முட்பற்றை. கோப்பிக்காரர் காட்டை வாங்கி வெட்டினார்கள். இவர் பற்றையை எடுத்துக் காடாக்கினார். அவர் செய்த வேலை எளிமையானது. பற்றைக்குள் தானாக முளைத்து மூச்சுத் திணறிக்கொண்டிருந்த முதிரை, பாலை, கருங்காலி, வீரைக் கன்றுகளை அடையாளம் கண்டு, அவற்றை நெருக்கிய முள்ளையும் கொடியையும் அகற்றினார். மிச்சத்தை மரங்களே பார்த்துக்கொண்டன. இதற்குத் ‘தம்புள்ளை முறை’ என்று பெயர். ஜெப்ரி பாவா வடிவமைத்த சின்ன வீடும் அங்கே இருக்கிறது. 1989இல் அந்த மரச்சோலை கண்டி ஹந்தானையில் உள்ள அடிப்படைக் கற்கைகள் நிறுவனத்திடம் போனது. இன்றும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்க்கலாம்.

இதை நக்கிள்ஸ் ஏலக்காயோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஏலத்துக்கு நிழல் வேண்டும் என்பதால் பெரிய மரங்களை விட்டுவைத்தார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் காடு அப்படியே நிற்கும். ஆனால் கீழே கன்றுகளைத் துப்புரவாக வெட்டினார்கள். கிழட்டு மரம் விழுந்தால் அந்த இடத்துக்கு வர அடுத்தது இல்லை. இரண்டு இடத்திலும் கத்தி ஒன்றுதான், அது எதை வெட்டியது, எதை விட்டது என்பதில்தான் வித்தியாசம். ஒரு காட்டின் எதிர்காலம் முழங்கால் உயரக் கன்றுகளில் இருக்கிறது.

ஆகவே, சேர்ந்து வாங்க நினைப்பவர்களுக்கு எங்கள் கருத்து இதுதான்.

முதலில், “நல்ல காடு, மலிவு விலை” என்று யாராவது வந்தால் பயப்படுங்கள். நல்ல காடு பெரும்பாலும் அரசுடையது. அறுதி உறுதியா, அனுமதிப்பத்திரமா, அளவு வரைபடம் இருக்கிறதா என்று காணிப் பதிவகத்திலும் பிரதேச செயலகத்திலும் பார்க்காமல் முற்பணம் கொடுக்க வேண்டாம். ‘பரம்பரையாக எங்கட’ என்ற வாய்ச்சொல் 1840இலேயே செல்லாமல் போனது.

இரண்டாவது, வாங்கினாலும் இஷ்டத்துக்கு வெட்ட முடியாது. சொந்த வளவிலுள்ள பலா, ஈரப்பலா, பெண் பனையைத் தறிக்கவே 1951ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதி வேண்டும். 1 ஹெக்டேயருக்கு மேற்பட்ட காட்டை வேறு தேவைக்கு மாற்றுவதென்றால் சுற்றாடல் மதிப்பீடு வேண்டும். வேல்ஸிலும் மூன்று மாதத்தில் 5 கன மீட்டருக்கு மேல் தறிக்கப் பொதுவாக அனுமதி எடுக்க வேண்டும். வீடியோவில் அதைக் காட்டமாட்டார்கள்.

மூன்றாவது, காட்டைத் தேடாமல் கைவிட்ட காணியைத் தேடுங்கள். உறுதி சுத்தமான, பற்றை மண்டிய ஒரு ஏக்கர் போதும். முள்ளை விலக்குங்கள், கன்றை விடுங்கள், காத்திருங்கள். பத்துப் பேர் பெயரில் வாங்கினால் அடுத்த தலைமுறையில் அறுபது பங்காகும், வழக்கும் வரும். வக்ஃபு என்ற வழி எங்களிடம் இருக்கிறது. 1956ஆம் ஆண்டு 51ஆம் இலக்கச் சட்டம் அதற்கு இடம் தருகிறது. பள்ளிவாசலுக்குக் கடை வக்ஃபு செய்த மூத்தவர்கள் உண்டு. நிழலை வக்ஃபு செய்தால் அதுவும் சதகத்துல் ஜாரியாதானே?

கடைசியாக ஒரு வேண்டுகோள். மூத்தவாப்பா காலத்துப் பழைய உறுதி, அனுமதிப்பத்திரம், வரி ரசீது எதுவும் வீட்டுப் பெட்டியில் கிடந்தால் கிழிந்ததென்று எறிய வேண்டாம். படம் எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். கடதாசி இல்லாததால் இந்த மண்ணில் எவ்வளவு போனது என்பதைத்தான் இவ்வளவு நேரம் எழுதினோம்.