பழைய மடிக்கணினியை இணையத்தில் விற்பது எப்படி? பணமும் தரவும் பறிபோகாமல் இருக்க அறிய வேண்டியவை

மைசூரு: இணையவழி ஏலத்திலோ விளம்பரத் தளத்திலோ பழைய மடிக்கணினி கைமாறும்போது ஏமாறக்கூடியவர் வாங்குபவர் மட்டுமே என்ற எண்ணம் பரவலாக உள்ளது. ஆனால், விற்பவர் இழப்பதற்கு இரண்டு உள்ளன. ஒன்று, வங்கிக் கணக்கில் இருக்கும் பணம். மற்றொன்று, கணினியின் நினைவகத்தில் தங்கியிருக்கும் தனிப்பட்ட தரவு. பணம் சில நொடிகளில் பறிபோகும். தரவு பறிபோனதோ பல மாதங்களுக்குப் பிறகே தெரியவரும்.

1916ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட பல்கலைக்கழகம், பொறியியல் கல்லூரிகள், இன்ஃபோசிஸ் நிறுவனத்தின் பயிற்சி வளாகம் ஆகியவற்றைக் கொண்ட மைசூரில், படிப்போ பயிற்சியோ முடிந்து ஊர் மாறும் இளைஞர்கள் ஏராளம். விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான பொது ஆதரவை 2025 அக்டோபர் 14ஆம் தேதியுடன் மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. இதனால் விண்டோஸ் 11க்கு மாற இயலாத பழைய கணினிகளை என்ன செய்வது என்ற கேள்வியும் பல வீடுகளில் எழுந்துள்ளது. அவற்றைப் பாதுகாப்பாக விற்பதற்கான வழிமுறைகள் இங்கு தொகுக்கப்பட்டுள்ளன.

ஏலத் தளத்திலிருந்து விளம்பரத் தளத்துக்கு

இந்தியாவில் தனிநபர்கள் பங்கேற்ற இணையவழி ஏலம், 2000ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட பாஸி டாட் காம் தளத்தின் மூலம் பரவலானது. அமெரிக்காவின் ஈபே நிறுவனம் 2004இல் அதனை ஏறத்தாழ 5 கோடி டாலருக்கு வாங்கியது. ஈபேயின் இந்தியப் பிரிவு 2017இல் ஃபிளிப்கார்ட் வசம் சென்றது. 2018 ஆகஸ்ட் 14ஆம் தேதி அத்தளம் மூடப்பட்டது.

அந்தத் தளத்தில் பைசாபே என்ற கட்டண முறை இருந்தது. வாங்குபவர் செலுத்தும் தொகை முதலில் இடைநிலையில் வைக்கப்பட்டு, பொருள் அனுப்பப்பட்ட பின்னர் விற்பவருக்கு விடுவிக்கப்பட்டது. இன்று தனிநபர்கள் பெரிதும் பயன்படுத்தும் ஓஎல்எக்ஸ், ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸ் போன்றவற்றில் விற்பவரும் வாங்குபவரும் பெரும்பாலும் நேரடியாகப் பேசி, நேரடியாகவே பணம் பரிமாறிக்கொள்கின்றனர். பணத்தைப் பிடித்து வைத்திருக்கும் மூன்றாம் தரப்பு இல்லாததால், சரிபார்க்கும் பொறுப்பு முழுவதும் விற்பவரைச் சேர்கிறது.

சட்டப் பாதுகாப்பும் வரம்புக்குட்பட்டதே. 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள், தொழில்முறையாகவோ வழக்கமான வணிகமாகவோ அல்லாமல் சொந்தப் பொருளை விற்கும் தனிநபருக்குப் பொருந்தாது. அந்த விதிகளின் கடமைகள் அவர் மீது விழுவதில்லை. அதே வேளையில், தகராறு எழுந்தால் அவர் தம்மிடம் உள்ள ஆவணங்களையே நம்ப வேண்டியிருக்கும்.

விற்பதற்கு உரிமை உள்ளதா?

அலுவலகம் வழங்கிய மடிக்கணினி ஊழியரின் சொத்து அன்று; நிறுவனத்தின் எழுத்துப்பூர்வ அனுமதியின்றி அதனை விற்க இயலாது. தமிழ்நாட்டில் 2011 முதல் மாணவர்களுக்கு வழங்கப்பட்ட அரசின் விலையில்லா மடிக்கணினிகளும் விற்பனைக்குரியவை அல்ல. தவணையில் வாங்கப்பட்டிருந்தால், கடன் நிலுவை இல்லை என்பதை உறுதி செய்துகொள்வது நல்லது.

வாங்கியபோது பெற்ற ரசீதும், கணினியின் அடிப்புறத்தில் உள்ள வரிசை எண்ணும் ஒத்துப்போக வேண்டும். திருட்டுப் பொருள் என அறிந்தே பெறுவது அல்லது வைத்திருப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 317ஆவது பிரிவின்கீழ் குற்றமாகும். எனவே கவனமான வாங்குநர் ரசீது கேட்பது இயல்பு. ரசீதைக் காட்டும்போது முகவரி, தொலைபேசி எண் ஆகியவற்றை மறைத்துவிடலாம்.

அழித்த கோப்பு அழிவதில்லை

குப்பைத்தொட்டியைக் காலி செய்வதால் கோப்புகள் மறைந்துவிடுவதில்லை. கோப்பு எங்கே உள்ளது என்ற குறிப்பு மட்டுமே நீக்கப்படுகிறது. அவ்விடத்தில் வேறு தரவு எழுதப்படும் வரை பழைய உள்ளடக்கத்தை மீட்கும் வாய்ப்பு உள்ளது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள் இருவர் 2003இல் வெளியிட்ட ஆய்வு இதனைத் தெளிவாகக் காட்டியது. ஈபே உள்ளிட்ட இடங்களில் வாங்கப்பட்ட 158 பழைய ஹார்ட் டிஸ்குகளில் இயங்கும் நிலையில் இருந்தவை 129. அவற்றுள் முறையாகத் துடைக்கப்பட்டிருந்தவை 12 மட்டுமே. மீட்கப்பட்ட தரவில் ஆயிரக்கணக்கான கடன் அட்டை எண்கள் இருந்தன.

ஆகவே விளம்பரம் செய்வதற்கு முன்பே பின்வரும் பணிகளை முடித்துவிட வேண்டும்:

* தேவையான கோப்புகளை வேறொரு டிஸ்க்கில் படியெடுத்து, அவை திறக்கின்றனவா எனச் சோதிக்க வேண்டும்.
* மின்னஞ்சல், உலாவி, வங்கி, மேகச் சேமிப்பு, வாட்ஸ்அப் உள்ளிட்ட எல்லாக் கணக்குகளிலிருந்தும் வெளியேற வேண்டும். கட்டண மென்பொருள்களின் உரிமத்தை விடுவிக்க வேண்டும்.
* விண்டோஸ் 11 கணினியில் செட்டிங்ஸ், சிஸ்டம், ரிகவரி என்ற வரிசையில் சென்று, 'ரீசெட் திஸ் பிசி' என்பதில் 'ரிமூவ் எவ்ரிதிங்' என்ற தெரிவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கூடுதல் அமைப்புகளில் உள்ள 'கிளீன் டேட்டா' என்பதையும் இயக்க வேண்டும். இதற்கு அதிக நேரம் பிடிக்கும் என்பதால் மின்னிணைப்பைத் துண்டிக்கக் கூடாது.
* ஆப்பிள் சிலிக்கான் அல்லது டி2 சிப் கொண்ட மேக் கணினியில், மான்டரே பதிப்பு முதல் உள்ள 'இரேஸ் ஆல் கன்டென்ட் அண்ட் செட்டிங்ஸ்' வசதியைப் பயன்படுத்தலாம். 'ஃபைண்ட் மை' வசதி நீக்கப்படாவிட்டால், வாங்கியவரால் கணினியைப் பயன்படுத்த இயலாமல் போகலாம்.

எஸ்எஸ்டி வகை நினைவகங்களுக்குத் தனிக் கவனம் தேவை. அவை தேய்மானத்தைச் சமன்படுத்துவதற்காகத் தரவைப் பல இடங்களுக்கு மாற்றி எழுதுகின்றன. ஹார்ட் டிஸ்க்குக்கு உதவும் மேலெழுதும் முறை இவற்றின் எல்லா மூலைகளையும் எட்டும் என்று கூற முடியாது. தயாரிப்பு நிறுவனம் வழங்கும் பாதுகாப்பான அழிப்பு மென்பொருளைப் பயன்படுத்துவது நல்லது. முழு நினைவகத்தையும் குறியாக்கம் செய்துவிட்டு ரீசெட் செய்வதும் பயனளிக்கும். குறியாக்கத் திறவுகோல் அழிந்துவிட்டால் எஞ்சிய தரவைப் படிக்க இயலாது. இயங்காத கணினியாக இருந்தால், நினைவகத்தைக் கழற்றி வைத்துக்கொண்டு மற்றதை மட்டும் விற்பதே பாதுகாப்பானது.

விளம்பரமும் ஏல விலையும்

குறைகளை மறைக்காமல் எழுதுவது பின்னர் எழும் தகராறுகளைத் தவிர்க்கும். செயலி, ராம், நினைவக அளவு, வாங்கிய ஆண்டு, மின்கலத்தின் நிலை, திரையில் உள்ள கீறல், பழுதுபார்த்த விவரம் ஆகியவை இடம்பெற வேண்டும். வரிசை எண் முழுவதும் தெரியும் படத்தையும், வீட்டின் உட்புறமோ முகவரியோ தெரியும் படத்தையும் தவிர்க்க வேண்டும்.

ஏல முறையில் விற்கும்போது, இதற்குக் கீழ் விற்பதில்லை என்ற குறைந்தபட்ச விலையை முன்னரே நிர்ணயித்துக்கொள்ள வேண்டும். அதே மாதிரி, அதே வயதுள்ள கணினிகள் உண்மையில் விலைபோன தொகையே சரியான அளவுகோல். விளம்பரங்களில் கேட்கப்படும் தொகை அன்று. நண்பர்களைக் கொண்டு போலியாக விலையை ஏற்றுவது ஏலத் தளங்களில் தடை செய்யப்பட்ட செயல். மறுபுறம், சந்தை மதிப்பைவிட அதிகத் தொகைக்கு, பொருளைப் பார்க்காமலேயே உடன்படும் நபர் எச்சரிக்கைக்குரியவர்.

பணம் பெறுவதற்கு பின் எண் தேவையில்லை

இணையத்தில் பழைய பொருள் விற்போரிடம் நடைபெறும் மோசடியின் வடிவம் பெரும்பாலும் ஒன்றே. தம்மை ராணுவ வீரர் அல்லது துணை ராணுவப் படையினர் என்று அறிமுகப்படுத்திக்கொள்பவர் விலையைப் பேரம் பேசாமல் ஏற்கிறார். நம்பிக்கை ஏற்படுத்த ஒரு சிறு தொகையை அனுப்புகிறார். பிறகு, மீதித் தொகையைப் பெற என்று கூறி ஒரு கியூஆர் குறியீட்டை அனுப்புகிறார். அதனை ஸ்கேன் செய்து பின் எண்ணை இட்டதும் விற்பவர் கணக்கிலிருந்தே பணம் போகிறது.

2021 பிப்ரவரியில் டெல்லியின் அன்றைய முதல்வர் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர் பழைய சோஃபாவை இணையத்தில் விற்க முயன்றபோது இதே முறையில் 34,000 ரூபாயை இழந்தார். முதலில் 20,000 ரூபாய் போனதும், தவறான குறியீட்டை அனுப்பிவிட்டதாகக் கூறி மோசடிக்காரர் மற்றொன்றை அனுப்ப, மேலும் 14,000 ரூபாய் பறிபோனது. படித்தவர்களும் இதற்கு விலக்கல்லர் என்பதை இச்சம்பவம் உணர்த்தியது.

யுபிஐ முறையில் பணம் பெறுவதற்கு ஸ்கேன் செய்யவோ, பின் எண் இடவோ தேவையே இல்லை. பின் எண் கேட்கப்பட்டால், பணம் வெளியே செல்லப்போகிறது என்றே பொருள். தனிநபர்களுக்கிடையே பணம் கோரும் 'கலெக்ட்' வசதியை இந்திய தேசியக் கொடுப்பனவுக் கழகம் 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்தியது. எனினும் கியூஆர் குறியீடு வழியான மோசடிக்கு அது தடையாகாது.

வேறு இரு உத்திகளும் வழக்கத்தில் உள்ளன. ஒன்று, பணம் செலுத்தியதாகக் காட்டும் போலித் திரைப்படம் அல்லது குறுஞ்செய்தி. வங்கிச் செயலியில் இருப்புத் தொகை உயர்ந்திருப்பதைத் தாமே பார்த்த பின்னரே பொருளைத் தர வேண்டும். மற்றொன்று, தவறுதலாகக் கூடுதல் தொகை அனுப்பிவிட்டதாகவும் அதனைத் திருப்பித் தருமாறும் கேட்பது. உண்மையில் தொகை வந்திருந்தாலும், தாமாகத் திருப்பி அனுப்பாமல் வங்கியை அணுகுவதே முறை.

வாங்குபவர் அனுப்பும் தொகை வேறொரு மோசடியில் கிடைத்ததாக இருந்தால், விற்பவரின் வங்கிக் கணக்கும் முடக்கப்படலாம். அப்போது விற்பனை உண்மையானது என நிரூபிக்க விற்பனைச் சீட்டு உதவும். தேதி, தொகை, கணினியின் மாதிரி, வரிசை எண், இருதரப்பினரின் பெயர், கையொப்பம் ஆகியவை அதில் இருக்க வேண்டும். உரையாடல்களையும் அழிக்காமல் வைத்திருக்க வேண்டும். அடையாள ஆவணம் தர நேர்ந்தால், முதல் எட்டு எண்கள் மறைக்கப்பட்ட ஆதார் நகலே போதுமானது.

ஒப்படைப்பது எங்கே?

பகல் நேரத்தில், மக்கள் நடமாட்டமும் கண்காணிப்புக் கேமராவும் உள்ள இடமே சந்திப்புக்கு ஏற்றது. மைசூரில் தேவராஜ அர்ஸ் சாலை போன்ற கடைவீதிகளும், வங்கிக் கிளைகளும், வணிக வளாகங்களும் இதற்குப் பொருந்தும். துணைக்கு ஒருவரை அழைத்துச் செல்வது நல்லது. கணினியை இயக்கிக் காட்டி, வாங்குபவர் சோதித்து, பணம் கணக்கில் சேர்ந்த பின்னரே மின்னேற்றியையும் கணினியையும் ஒப்படைக்க வேண்டும்.

ரொக்கமாகப் பெறுவோர், ரிசர்வ் வங்கியின் துணை நிறுவன அச்சகம் இயங்கும் ஊர் இது என்பதை நினைவில் கொள்ளலாம். நீர்க்குறி, சாய்த்துப் பார்த்தால் நிறம் மாறும் பாதுகாப்பு இழை ஆகியவற்றை 500 ரூபாய் நோட்டுகளில் நிதானமாகச் சரிபார்ப்பது அவசியம். வெளியூருக்கு அனுப்பினால், லித்தியம் அயன் மின்கலம் உள்ள பொருள் என்பதைக் கூரியர் நிறுவனத்திடம் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். பொதி கட்டுவதைக் காணொளியாகப் பதிவு செய்து, காப்பீடும் எடுத்துக்கொள்ளலாம்.

ஏமாற்றப்பட்டால்

மத்திய அரசு நாடாளுமன்றத்தில் அளித்த தகவலின்படி, 2024ஆம் ஆண்டில் சைபர் நிதி மோசடிகளால் மக்கள் இழந்த தொகை 22,845 கோடி ரூபாய். இழந்த பணத்தை மீட்பதில் நேரமே முதன்மையானது. உடனடியாக 1930 என்ற தேசிய உதவி எண்ணை அழைக்க வேண்டும். தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் பதிவு செய்யலாம். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாற்றப்படுவதற்குள் தகவல் சென்றால் அதனை முடக்கி வைக்க இயலும். பரிவர்த்தனை எண், நேரம், எதிர்த்தரப்பின் தொலைபேசி எண், யுபிஐ முகவரி ஆகியவற்றைக் கையில் வைத்திருக்க வேண்டும்.

வங்கிக்கும் அதே நேரத்தில் தெரிவிக்க வேண்டும். ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6ஆம் தேதி வகுத்த நெறிமுறையின்படி, வாடிக்கையாளரின் கவனக்குறைவால் இழப்பு நேர்ந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரையிலான இழப்பை அவரே ஏற்க வேண்டும். தெரிவித்த பின்னர் நேரும் இழப்பு வங்கியைச் சேரும். தாமே பின் எண்ணை இட்டு ஏமாந்தவர்களுக்கு ஒவ்வொரு நிமிடமும் முக்கியமாவது இதனால்தான்.

மைசூரில் சைபர், பொருளாதார, போதைப்பொருள் குற்றங்களுக்கான சிஇஎன் காவல் நிலையம் இத்தகைய புகார்களை விசாரிக்கிறது. குற்றம் எங்கிருந்து நிகழ்த்தப்பட்டிருந்தாலும், எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் அளிக்க பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆவது பிரிவு வழிசெய்கிறது. ஆள்மாறாட்டம் செய்து கணினி வழியாக ஏமாற்றுவோருக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவின்கீழ் 3 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனையும், 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கப்படலாம்.

உரிய விலை கிடைக்காத, பழுதான கணினியைத் தெருவில் வரும் பழைய பொருள் வியாபாரியிடம் தருவதைவிட, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவு பெற்ற மின்கழிவு மறுசுழற்சியாளரிடம் ஒப்படைக்கலாம். அதற்கு முன்பும் நினைவகத்தைத் துடைப்பதோ கழற்றுவதோ கட்டாயம்.