போகாத ஊருக்குத் தேசப்படம்

கதை எழுதுகிறவனுக்கு இல்லாத ஊரைப் படைப்பது பெரிய காரியமல்ல. ஆற்றங்கரை, அரசமரம், இடிந்த மண்டபம் என்று நாலு வரி எழுதினால், மீதி ஊரை வாசகரே கட்டிக் கொள்வார். அந்த ஊருக்குத் தேசப்படம் போடு என்றால்தான் விழிக்க வேண்டியிருக்கும். ஆறு கோயிலுக்கு வடக்கே ஓடுகிறதா, தெற்கேயா? எழுத்தில் மழுப்பலாம், கோட்டில் மழுப்ப முடியாது.

நிஜமான பூமியில் கோடு போடுவதே விபரீதம்தான் என்பதற்குக் கடலூர் சாட்சி. 1690-ல் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை ஆங்கிலக் கம்பெனியார் மராட்டியரிடம் விலைக்கு வாங்கினார்கள். சுற்றுப்புற நிலம் எதுவரை சேர்த்தி? பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம் வரை! சுட்டார்கள். அந்த எல்லைக்குள் அகப்பட்ட ஊர்களெல்லாம் கம்பெனியின் சொத்தாயின. 'குண்டு கிராமங்கள்' என்ற பெயரும் அவற்றுக்கு நிலைத்தது. அங்கே உழுது கொண்டிருந்தவனிடம் பீரங்கி சம்மதம் கேட்குமா, என்ன?

இங்கே ஊர் நிஜம், எல்லைதான் கற்பனை. கடல் கொண்ட குமரி நாட்டின் விஷயமோ வேறு. சிலப்பதிகாரத்துக்கு உரை கண்ட அடியார்க்குநல்லார், பஃறுளியாற்றுக்கும் குமரியாற்றுக்கும் இடையே 700 காவதம் என்கிறார். ஏழ்தெங்க நாடு, ஏழ்மதுரை நாடு, ஏழ்குன்ற நாடு என்று ஏழேழாக 49 நாடுகளை எண்ணுகிறார். கரை எங்கே வளைந்தது, எந்த நாட்டுக்கு எது பக்கம் என்று அவர் சொல்லவில்லை. உரைகாரருக்கு அது வேண்டியதுமில்லை.

படம் வரைகிறவருக்கு வேண்டுமே! 1864-ல் ஸ்கிலேட்டர் என்ற ஆங்கில விலங்கியல் அறிஞர் மடகாஸ்கரின் பிராணிகளை ஆராய்ந்தார். தேவாங்கின் உறவினமான லெமூர்களைக் கண்டு, இந்தியாவுக்கும் அத்தீவுக்கும் நடுவே ஒரு நிலம் மூழ்கியிருக்க வேண்டுமென்று ஊகித்து, அதற்கு 'லெமூரியா' என்று பெயர் வைத்தார். 1904-ல் பிரம்மஞான சபையைச் சேர்ந்த ஸ்காட் எலியட் அதற்குத் தேசப்படங்களே வெளியிட்டுவிட்டார். அப்புறம் என்ன? கரை மேல்நாட்டுச் சரக்கு, பெயர்கள் அடியார்க்குநல்லாருடையவை. மலைக்கு முக்கோணம், ஆற்றுக்கு நெளிகோடு, குமரிக்கண்டம் தயார். கண்டங்களே நகர்கின்றன என்பதை விஞ்ஞானம் ஒப்புக்கொண்ட பிறகு லெமூரியாவுக்கு வேலையில்லாமல் போயிற்று. படம் மட்டும் போகவில்லை.

காவதத்துக்குப் பத்து மைல் என்று வைத்தால் 700 காவதம் 7,000 மைல். கன்னியாகுமரியில் புறப்பட்டு நேர் தெற்கே அளந்தால், கோடு தென் துருவத்தையே தாண்டிவிடும்! படம் போட்டவர்கள் அந்த இடத்தை வெறும் தாளாக விட்டிருக்கலாம். கடலூருக்குத் தெற்கே, ஒன்றரை மணி நேரப் பயணத்தில், சிதம்பரத்தில் திரையை விலக்கினால் உருவம் ஒன்றுமில்லை. பொன் வில்வ மாலைதான் தொங்குகிறது. கும்பிட்டு வருகிறவர்கள் அதைக் குறையாக நினைப்பதில்லை.

ஆனாலும், 'கடல் கொண்டது' என்ற பழைய வார்த்தையைச் சிரித்துத் தள்ள எனக்கு மனம் வரவில்லை. 2004 டிசம்பர் 26 காலையில், அதே தேவனாம்பட்டினத்துக் கரையில் கடல் எழுந்து வந்து, வீடுகளையும் மனிதர்களையும் வாரிக் கொண்டு போயிற்று.