மணி பிளான்ட் நம் வீட்டுக்கு வந்த கதை

சென்ற மழைக்காலத்தில் கொசுப்புழு சோதனைக்கு வந்த பெண்மணி, தண்ணீர்த் தொட்டி, மொட்டைமாடி, பூந்தொட்டித் தட்டு எல்லாம் பார்த்துவிட்டு, கடைசியில் எங்கள் வீட்டு ஷோகேஸில் இருந்த கண்ணாடி பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். மணி பிளான்ட் வேர்களுக்கு நடுவே புழுக்கள் நெளிந்தன. சங்கக் கூட்டத்தில் சுகாதாரம் பற்றி அதிகம் பேசுகிறவன் நான். அன்று வீட்டில் எனக்குக் கிடைத்த மரியாதையை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

அந்த வெட்கத்தில்தான் இந்தக் கொடியின் வரலாற்றைத் தேடிப் படித்தேன். வங்கியில் லெட்ஜர் பார்த்த பழக்கம் விடாது. கணக்கு யார் பெயரில், என்றைக்குத் தொடங்கியது என்று பார்த்தாக வேண்டும்.

இந்தக் கணக்கில் பெயரே பலமுறை மாறியிருக்கிறது. 1880-இல் பெல்ஜியத்தைச் சேர்ந்த நர்சரிக்காரர் லிண்டனும் ஆந்த்ரே என்பவரும் இதற்கு 'போத்தோஸ் ஔரியஸ்' என்று பெயரிட்டார்கள். ஔரியஸ் என்றால் பொன்னிறம். போத்தோஸ் என்பதோ நம் பக்கத்துச் சொல். இலங்கையில் இதே குடும்பத்துக் கொடி ஒன்றுக்குச் சிங்களத்தில் வழங்கிய பெயரிலிருந்து வந்தது. 1908-இல் எங்ளர் என்ற ஜெர்மானியத் தாவரவியலார் இதை 'சிண்டாப்சஸ்' இனத்துக்கு மாற்றினார். 1963-இல் 'ரஃபிடோஃபோரா' ஆனது. மறு ஆண்டே 'எபிப்ரெம்னம்' ஆனது. இன்றுவரை அதுதான்.

ஏன் இத்தனை குழப்பம்? தாவரவியலார் செடியை இனம் பிரிப்பது பெரும்பாலும் பூவைப் பார்த்து. இது பூக்கவே இல்லை! 1962-இல் ஒரு செடி பூத்த பிறகுதான் வழக்கு ஒரு முடிவுக்கு வந்தது. பூக்காததன் காரணம் 2016-இல் வெளியான ஆய்வில் தெரிந்தது. பூப்பதற்குத் தேவையான ஜிப்பரெல்லின் ஹார்மோனை உண்டாக்கும் மரபணு இதில் சரியாக வேலை செய்வதில்லை. அந்த ஹார்மோனை வெளியிலிருந்து தெளித்தபோது பூத்தது.

பூ இல்லையென்றால் விதை இல்லை. நம் வீடுகளில் இருப்பதெல்லாம் ஒருவர் கையிலிருந்து ஒருவர் கைக்கு வந்த வெட்டுத்துண்டுகள். 'மணி பிளான்ட்டைக் காசு கொடுத்து வாங்கக்கூடாது, திருடி வைத்தால்தான் காசு சேரும்' என்று சொல்வார்களே, பாதி உண்மைதான். துண்டு கிள்ளுவதைத் தவிர வேறு வழி அதற்கு இல்லை. காசு சேர்ந்ததா என்றால், முப்பது வருடமாக வைத்திருக்கிறேன். என் பாஸ்புக் வேறு கதை சொல்கிறது.

இவ்வளவு பரவிய கொடியின் பூர்வீகம், பசிபிக் கடலில் தஹிதிக்குப் பக்கத்திலுள்ள மூரியா என்ற ஒரு சின்னத் தீவு. அந்தக் காலத்தில் செடிகள் கப்பலில் உயிரோடு கடல் கடந்தது தனிக்கதை. உப்புக் காற்றில் பெரும்பாலானவை கருகிவிடும். 1829-இல் லண்டன் மருத்துவர் நத்தானியேல் வார்டு, அந்துப்பூச்சிக் கூடு ஒன்றை ஈரமண்ணோடு பாட்டிலில் மூடி வைத்தார். மண்ணிலிருந்து புல்லும் பெரணியும் முளைத்தன. அதிலிருந்து பிறந்ததுதான் 'வார்டு பெட்டி' எனும் கண்ணாடிப் பெட்டி. சீனத் தேயிலைக் கன்றுகள் இமயமலைச் சரிவுக்கு வந்தது அதில்தான். நீலகிரிக்குச் சின்கோனா வந்த கதையிலும் அந்தப் பெட்டிக்குப் பங்கு உண்டு. ஐரோப்பாவில் வீட்டுக்குள் செடி வைக்கும் ஆசை வளர்ந்ததும் அந்தக் காலத்தில்தான்.

காட்டில் இது மரமேறும் கொடி. அண்ணாந்து பார்க்கும் உயரத்தில் முறம் அளவு இலை விடும், இலை கிழிந்து கிழிந்து இருக்கும். நம் வரவேற்பறையில் வெற்றிலை அளவிலேயே நிற்பதற்குக் காரணம், ஏற ஒன்றும் இல்லாததுதான். தேங்காய் நார் சுற்றிய கம்பு ஒன்றை நட்டு ஏற்றிவிடுங்கள், இலை பெரிதாகும். மரநிழலில் வளர்ந்தது என்பதால் மேற்கு வெயில் நேராகப் பட்டால் கருகும். அதற்காக இருட்டு மூலையில் வைத்தால் மஞ்சள் கோடுகள் மங்கிப் பச்சையாகிவிடும். மேல்மண் காய்ந்த பிறகு தண்ணீர் விட்டால் போதும். இது தண்ணீர் இல்லாமல் சாவதைவிட அதிகத் தண்ணீரால் வேர் அழுகிச் சாவதே அதிகம். துண்டு வெட்டும்போது ஒரு கணுவாவது இருக்க வேண்டும். கணு இல்லாத இலை தண்ணீரில் எத்தனை நாள் கிடந்தாலும் செடியாகாது.

காற்றைச் சுத்தப்படுத்தும் என்ற பெருமை 1989-இல் நாசா வெளியிட்ட ஆய்விலிருந்து வந்தது. அது மூடிய சிறு அறைக்குள் நடந்த சோதனை. நம் வீட்டு ஜன்னல் காற்று செய்யும் வேலையை இது செய்ய வேண்டுமென்றால், ஒரு சதுர மீட்டருக்குக் குறைந்தது 10 செடி வேண்டும் என்று 2019-இல் கணக்குப் போட்டிருக்கிறார்கள். ஜன்னலைத் திறப்பது சுலபம்.

குழந்தை, பூனை, நாய் உள்ள வீடுகளில் எட்டாத உயரத்தில் வையுங்கள். இலையில் கால்சியம் ஆக்சலேட் ஊசிகள் உண்டு. மென்றால் வாய் எரியும், வீங்கும். உடனே வாயைக் கழுவி மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

பாட்டில்காரர்களுக்கு என் அனுபவம்: டெங்கு கொசு முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். வாரம் ஒருமுறை தண்ணீரைக் கொட்டி, பாட்டிலின் உட்சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். முட்டைகள் சுவரில் ஒட்டியிருக்கும்; தண்ணீரை மட்டும் மாற்றினால் போதாது.

இன்னொன்று. வெட்டிய கொடிகளைச் சிலர் ஏரிக்கரையில் வீசுவதைப் பார்க்கிறேன். இலங்கையில் இந்தக் கொடி வீட்டை விட்டுக் காட்டுக்குள் புகுந்து மரங்களை மூடுகிறது. நம் கூரத்தின் பெருமையே நீர்நிலைதான். பல்லவன் முதலாம் பரமேசுவரவர்மனின் கூரம் செப்பேடு, பாலாற்றிலிருந்து கால்வாய் வெட்டி இங்குள்ள பரமேசுவரத் தடாகத்துக்கு நீர் கொண்டுவந்ததைப் பேசுகிறது. ஏழாம் நூற்றாண்டுச் சங்கதி! வெட்டிய கொடியை மொட்டைமாடியில் நன்றாகக் காயவைத்து உரக்குழியில் போடலாம். பச்சையாகப் போட்டால் கணுவில் துளிர்த்துவிடும்.

எங்கள் ஷோகேஸ் பாட்டில் இப்போது மண்தொட்டியாக மாறிவிட்டது. துண்டு வேண்டுவோர் மாலை ஐந்து மணிக்கு மேல் மூன்றாம் மாடிக்கு வரலாம். திருட வேண்டாம், கேட்டாலே தருகிறேன்.